நான் பருத்துப்போன மழைக்காலம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். இலங்கை மலைநாட்டில், கொட்டகலை கடைவீதியில் எங்களுக்கு ஒரு மளிகைக்கடை இருந்தது. கடைக்குப் பின்னால் இரண்டு அறையும் ஓர் அடுப்படியும்; அதுதான் வீடு. கல்யாணமான மறுவருஷமே எனக்கு நீரிழிவு என்று தெரிந்தது. எலும்பும் தோலுமாகப் படுத்துக் கிடந்த என்னை இன்சுலின் ஊசிதான் எழுப்பி நிறுத்தியது. மருந்து கொழும்பிலிருந்து ரயிலில் வரும். காலையும் மாலையும் ஊசியைக் கொதிக்க வைத்து, என் கணவரே போட்டுவிடுவார். கடையில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அந்த நேரத்துக்கு உள்ளே வந்துவிடுவார்.

வியாதி வந்ததிலிருந்து எனக்கு மாதவிலக்கு நின்றுபோயிருந்தது. "இந்த வியாதியில குழந்தை தங்காதும்மா, அந்த ஆசைய விட்டுடுங்க" என்று ஹட்டன் டாக்டர் சொல்லியிருந்தார். நாங்களும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

அந்த மழைக்காலத்தில் என் உடம்பு பருக்க ஆரம்பித்தது. முதலில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். பிறகு ரவிக்கை கொள்ளவில்லை. மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றால் ஒவ்வொரு முறையும் கூடுதலாகவே காட்டியது. சிறுநீரைச் சோதித்தால் சர்க்கரையும் ஏறியிருந்தது. டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார், சோற்றைப் பாதியாக்கச் சொன்னார். பாதியாக்கினேன். அப்படியும் எடை இறங்கவில்லை.

"நெசத்தச் சொல்லு. எனக்குத் தெரியாம ஏதாச்சும் திங்கிறியா?" என்று கணவர் கேட்டார்.

"சாமி சத்தியமா இல்லைங்க."

மறுநாள் அடுப்படியிலிருந்த சர்க்கரை டப்பாவும் பிஸ்கட் டின்னும் கடைக்குப் போய்விட்டன.

பக்கத்துத் துணிக்கடை முதலாளியின் மனைவியை, முஸ்லிம் வீடுகளில் அக்காவை அழைப்பதுபோல், நான் ராத்தா என்று கூப்பிடுவேன். ஒருநாள் துணி காயப்போடும்போது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "தங்கச்சி, இது சோத்தால வந்த சதை இல்ல. நானும் புள்ள பெத்தவதான், எனக்குத் தெரியாதா?" என்றார். விட்டிருந்த ஆசை எனக்குள் குபீரென்று எழுந்தது. அடுத்த முறை ஹட்டனுக்குப் போனபோது டாக்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "அதெல்லாம் நடக்காதும்மா. வாயக் கட்டுங்க" என்றார். அவமானத்தில் திரும்பி வந்து, இன்னும் கொஞ்சம் சோற்றைக் குறைத்தேன்.

மருந்து கூடி, சாப்பாடு குறைந்தால் என்ன ஆகும்? ஒரு மத்தியானம் கைகால் நடுங்கி, உடம்பெல்லாம் வேர்த்துக் கண் இருட்டியது. அப்படி வந்தால் உடனே இனிப்பு சாப்பிட வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டே கடைக்குள் போய், மூட்டையிலிருந்து ஒரு பிடி சர்க்கரையை அள்ளி வாயில் போட்டேன். கடை நிறைய ஆட்கள்.

"இதுதானா சங்கதி?" என்றார் கணவர்.

அந்த நடுக்கம் எதனால் வரும் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் பல நாள் சந்தேகம் முந்திக்கொண்டது. சர்க்கரை ஒட்டிய உதடோடு எல்லோர் முன்னாலும் நின்றேன். அன்று மாலை ஊசி போடும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சில நாள் கழித்து, அடுப்பு ஊதக் குனிந்தபோது வயிற்றுக்குள் ஒரு உதை. வாயு என்று நினைத்தேன். மறுபடியும் உதைத்தது. ஊதுகுழலைப் போட்டுவிட்டு ராத்தாவிடம் ஓடினேன். அவர் கையை வைத்துப் பார்த்துவிட்டு அழுதார். "அல்லாவே, இந்தப் புள்ளயவா பட்டினி போட்டீங்க?" என்றார்.

விஷயத்தைக் கேட்டதும் கணவர் அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "என்ன மன்னிச்சிரும்மா" என்றார். கண்டிக்குக் கூட்டிப்போய் வேறு டாக்டரிடம் காட்டினார். ஏழாவது மாதம் என்றார்கள். அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் என் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள். அவர் எனக்குச் சோறு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைப்பார். பெயர்கூடப் பேசிக்கொண்டோம்.

ஒரு காலையில் அசைவு நின்றுபோனது. ஆஸ்பத்திரியில் பிறந்தபோது அவள் அழவில்லை. பெண் குழந்தை. தலை நிறைய முடி. நீரிழிவுக்காரிகளுக்கு இப்படி ஆவதுண்டு, பட்டினியால்தான் என்று சொல்ல முடியாது என்றார் கண்டி டாக்டர். ஆறுதலுக்குச் சொன்னாரோ, உண்மையோ, எனக்குத் தெரியாது.

பிறகு எங்களுக்குக் குழந்தை இல்லை. கணவர் கடைசிவரை எனக்கு ஊசி போட்டார், ஒருமுறைகூட முகம் கோணவில்லை. யார்மேலும் எனக்கு இப்போது கோபமில்லை. ஆனால் அவளோடு இருந்த மாதங்களில் பெரும்பகுதியை, அவளைக் கரைத்துவிட வேண்டிய சதை என்று எண்ணியே கழித்துவிட்டேனே என்பதுதான் இத்தனை வருஷம் கழித்தும் ஆறாமல் இருக்கிறது.