எங்களைக் கப்பலேற்றிவிடும் என்றுதான் வேண்டினேன்

1962ஆம் வருஷம் தீபாவளிக்கு மறுநாள் காலையில் வாசல் கூட்டக் கதவைத் திறந்தேன். எங்கள் பெயர்ப்பலகை முழுக்கத் தார். 'சீனப் பல் வைத்தியர்' என்ற எழுத்தில் ஒன்றுகூடத் தெரியவில்லை. கீழே படியிலும் சொட்டியிருந்தது. அதைச் சுரண்டிக்கொண்டே ஆண்டவரிடம் கேட்டேன்: "இதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்?" அன்று தொடங்கி ஐந்து மாதம் நான் செய்ததை ஜெபம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சண்டை போட்டேன்.

சகோதர சகோதரிகளே, இது ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையைப் பற்றிய சாட்சிதான். ஆனால் எனக்கு இன்னும் கோபம் முழுதாக ஆறவில்லை. பொய்யாகச் சிரித்துக்கொண்டு சாட்சி சொல்ல எனக்குத் தெரியாது.

நான் திண்டிவனத்துப் பெண். பெயர் எஸ்தர். என் வீட்டுக்காரர் சீனாவில் பிறந்து, சிறு வயதிலேயே பர்மாவுக்குப் போய், மாமாவிடம் பல் வேலை கற்றவர். யுத்தத்தில் ரங்கூனில் குண்டு விழுந்தபோது தமிழர்களோடு தமிழராகக் காடு மலையெல்லாம் நடந்து வந்தார். கூட நடந்த விழுப்புரத்துக்காரர் ஒருவர், எங்கள் ஊருக்கே வந்துவிடு என்றாராம். வந்துவிட்டார். ரயிலடிக்குப் பக்கத்தில் கடை வைத்தார். கடைவாய்ப் பல் வலி என்று போன என்னை 1949இல் கல்யாணம் செய்துகொண்டார். ஞானஸ்நானமும் எடுத்தார். கேப்பைக் களியும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைத் துவையலும் என்னைவிட அவருக்குத்தான் பிடிக்கும். இருபது வருஷம் இந்த ஊர்த் தண்ணீர் குடித்த மனிதர். எல்லையில் சண்டை மூண்டதும் ஒரே வாரத்தில் எதிரியாகிவிட்டார்.

சனிக்கிழமைதோறும் போலீஸ் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அனுமதி வாங்காமல் விழுப்புரத்தை விட்டு எங்கும் போகக் கூடாது. திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியின் முன்னறையை வாடகைக்குப் பிடித்துத் திங்கட்கிழமைகளில் அங்கேயும் வைத்தியம் பார்த்துவந்தார். அதைப் பூட்ட வேண்டியதாயிற்று. விழுப்புரத்தில் ஒருவரும் படி ஏறவில்லை. என் பெரிய மகள் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தாள். "உங்கப்பா எத்தனை பேரைச் சுட்டாரு" என்று கூடப் படிக்கிறவள் கேட்டாளாம். அவருக்கு மூட்டைப்பூச்சியை நசுக்கவே மனசு வராது.

உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் நன்னடத்தைச் சான்று கொடுத்தால் நல்லது என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். நான் நம் சபை மூப்பர் ஒருவரிடம் ஓடினேன். பெயர் எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டார். மூப்பர் என்னை நிற்க வைத்தே பேசினார்.

"நமக்கு எதுக்கும்மா இந்த வம்பு? ஜெபம் பண்ணிக்கினு இருங்க. கர்த்தர் பாத்துப்பாரு."

அந்த 'வம்பு' என்ற சொல் காற்றுப் போகாமல் திருத்தமாக வந்ததே, அது என் வீட்டுக்காரர் கட்டிக்கொடுத்த பல்லால் வந்தது. ஞாயிற்றுக்கிழமை முதல் வரிசையில் உட்கார்ந்து பாட்டுப் பாடுவதும் அதே பல்லால்தான். அதை அங்கேயே சொல்லியிருப்பேன். அடக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடக்கின கோபம் வீட்டில் வெடித்தது. பல் கட்ட வருகிறவர்களின் வாயை அளவெடுத்து அவர் மாவுக்கட்டுச் சாந்தில் அச்சு வார்ப்பார். ஒவ்வொரு அச்சின் அடியிலும் பெயர், ஊர், அளவெடுத்த நாள், பல் கட்டிய நாள் எல்லாம் பென்சிலில் இருக்கும். சுவர் முழுக்க அலமாரியில் இந்த ஊரின் வாய்கள். அவ்வளவு பேர் வாயும் எங்களுக்காகத் திறக்கவில்லை. அவர் வெளியே போயிருந்த நேரத்தில் எல்லாவற்றையும் கொல்லைக்கு அள்ளிக்கொண்டு போய் அம்மிக் குழவியால் அடித்து நொறுக்கினேன். ஒன்றின் பெயரைக்கூடப் படிக்கவில்லை. கொல்லை வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. அவர் வந்து பார்த்தார். துடைப்பத்தை எடுத்துக் கூட்டினார்.

அடுத்த வாரமே வந்தது மொட்டைக் கடுதாசி. எங்களுக்கு அல்ல, போலீஸுக்கு. ஆயுத பூஜைக்கு முந்தின திங்கட்கிழமை பகல் முழுக்க இந்தச் சீனாக்காரன் விழுப்புரம் ஜங்ஷனில் நின்று பட்டாளத்துச் சரக்கு வண்டிகளைப் படம் பிடித்தான் என்று எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் காமிராவே கிடையாது. அன்றைக்கு அவர் திண்டிவனத்தில் இருந்தார். இன்ஸ்பெக்டர் மண்டிக்காரரைக் கேட்டு அனுப்பினார். மண்டிக்காரர் வாடகையை மட்டும் நாள் தவறாமல் வாங்கினவர்.

"வந்தாரா இன்னான்னு எனக்கு ஞாபகம் இல்லீங்க" என்று சொல்லிவிட்டார்.

"அன்னிக்கு யாருக்குங்க பல் கட்டினீங்க? பேரைச் சொல்லுங்க, நான் போய்க் கூட்டிக்கினு வர்றேன்" என்று இவரிடம் கெஞ்சினேன்.

"சொல்ல மாட்டேன். யார்கிட்டயும் சொல்றதில்லன்னு வாக்குக் குடுத்துதான் பல் கட்டறேன்" என்றார்.

நம் ஜனங்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பல் கட்டிக்கொண்டதை யாரும் வெளியே சொல்வதில்லை. விழுப்புரத்துக்காரர் திண்டிவனம் போய்க் கட்டிக்கொள்வார், திண்டிவனத்துக்காரர் விழுப்புரம் வருவார். தலையில் முக்காடு, முகத்தில் துண்டு. பெண் கொடுத்த இடத்தில் தெரிந்தால் கேவலம் என்று பயம். இத்தனை வருஷம் இப்படி வந்த அத்தனை பேரும் எங்களுக்குச் சாட்சி சொல்ல முடியாத ஜனமாகவே அமைந்துவிட்டார்கள்.

அப்புறம் மெதுவாக ஒன்று சொன்னார். "அச்சு இருந்திருந்தா பேரை அழிச்சிட்டு, ஊரையும் தேதியையும் மட்டும் காட்டியிருப்பேன்."

எங்களைக் காப்பாற்ற இருந்த ஒரே அத்தாட்சியை நானே குழவியால் அடித்திருக்கிறேன்.

கல்கத்தாவிலும் அஸ்ஸாமிலும் சீனர்களை ரயிலேற்றி வடக்கே முகாமில் அடைக்கிறார்கள் என்ற செய்தி வந்துகொண்டிருந்தது. 1963 தொடங்கியதும், போக விரும்புகிறவர்களை ஏற்றிக்கொள்ள மெட்ராஸுக்குக் கப்பல் வரும் என்று பேச்சு. இன்ஸ்பெக்டர் கெட்டவரில்லை. ஒரு விண்ணப்பப் பாரத்தைக் கொடுத்து, "மார்ச் முடியறதுக்குள்ள கப்பலுக்குப் பேரு குடுத்துடுங்க. இல்லன்னா மேலிடத்துல இருந்து முகாமுக்கு உத்தரவு வந்துடும், என் கையில ஒண்ணும் இல்ல" என்றார்.

இங்கேதான் எங்கள் வீட்டில் எல்லாம் தலைகீழாக இருந்தது. இந்த மண்ணில் பிறந்த நான் போகலாம் என்றேன். வந்து குடியேறின அவர் இருக்கலாம் என்றார்.

"பாஷை தெரியாத ஊரா இருந்தா இன்னா? அங்க யாரும் நம்ம மூஞ்சியில தாரு பூச மாட்டாங்க" என்றேன்.

"பர்மாவுல ஒரு தரம் எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்தேன். இன்னொரு தரம் ஓட என் கால்ல தெம்பு இல்ல" என்றார். பிறகு அந்தப் பாரத்தை என் கையில் கொடுத்தார். "நீயே முடிவு பண்ணு, எஸ்தர். போலாம்னு நீ சொன்னா வர்றேன்."

மார்ச் கடைசிக்கு முந்தின சனிக்கிழமை. அவர் கையெழுத்துப் போடப் போயிருந்தார். நான் அடுப்படியில் நின்றேன். முழங்கால் போடவில்லை. "ஆண்டவரே, இந்த ஊர் எனக்கு வேண்டாம். இந்த ஜனங்கள் முகத்தில் இனி நான் விழிக்கக் கூடாது. எங்களைக் கப்பலேற்றிவிடும். இல்லையென்றால் இந்த ஊரில் எங்களுக்கென்று ஒரே ஒரு ஆளைக் காட்டும், பார்ப்போம்" என்றேன். காட்ட மாட்டார் என்ற நம்பிக்கையில்தான் அதைச் சொன்னேன். ஆமென் என்றுகூடச் சொல்லவில்லை.

பெட்டியில் துணி அடுக்கத் தொடங்கினேன். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"டாக்டரு இருக்காருங்களா?"

"டாக்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல. பலகையில தாரு பூசியிருக்கறது கண்ணுக்குத் தெரியல? போம்மா, போ" என்று கதவைச் சாத்தப் போனேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. தாரு பூசியிருந்தா இன்னா, பூசலைன்னா இன்னா?" அவள் நகரவில்லை. "பல்லு உராசி எகிறு புண்ணாயி கஞ்சி குடிச்சிக்கினு கெடக்கேன். திங்கக்கெழமதோறும் திண்டிவனம் போயி பூட்டின கதவைப் பாத்துட்டு வந்தேன். மண்டியில இங்கன்னு சொன்னாங்க. பஸ் ஏறி வந்தேன்."

"எப்ப கட்டின பல்லு?" என்று வேண்டாவெறுப்பாகக் கேட்டேன்.

"ஆயுத பூசைக்கு முன்னாடி திங்கக்கெழம. மறுநாளு மல்லாட்டை புடுங்க ஆளு வுட்டிருந்தோம். சாயங்காலம் வரைக்கும் அரத்தால ராவி ராவிப் போட்டுப் பாத்தாரே, வூட்டுக்குப் போக நேரமாயிடுச்சேன்னு தவிச்சிக்கினு இருந்தேன்."

கதவை விட்டேன். அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்தேன். எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் பெயர் கோவிந்தம்மாள், திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமம், சொந்த நிலத்தில் பயிர் வைக்கிற குடும்பம். இங்கே அவள் பெயரைப் போடச் சொன்னது அவளேதான்.

என்னோடு ஸ்டேஷனுக்குக் கிளம்பினவள் வாசலில் சட்டென்று நின்றுவிட்டாள். உள்ளே மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஏட்டு. "அவரு எங்க சம்பந்தி ஊருங்க. எம்பொண்ணு அங்கதான் வாழறா. எனக்குப் பல்லு கட்டினது அவங்களுக்குத் தெரியாது" என்றாள். திரும்பிப் போய்விடலாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதையும் இங்கே ஒத்துக்கொள்கிறேன். அவளே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

பெஞ்சியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் பதறி எழுந்தார். "இந்த அம்மா யாருன்னே எனக்குத் தெரியாது சார்" என்றார்.

"தெரியாதா? வாயெல்லாம் நோண்டிட்டுத் தெரியாதுன்றியே சாமி, நல்லா இருக்குதா?" என்றாள் கோவிந்தம்மாள். பிறகு இன்ஸ்பெக்டரிடம் அந்தத் திங்கட்கிழமையைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. "இவங்க சொல்லிக் குடுத்ததைச் சொல்றியா? நீ பல்லு கட்டினதுக்கே இன்னாம்மா அத்தாட்சி?"

அவளுக்கு வந்ததே கோபம்! என் கோபமெல்லாம் அதற்கு முன்னால் நிற்காது. ஏட்டு பார்த்துக்கொண்டிருக்க, அத்தனை ஆண்களுக்கு நடுவில், மேல் வரிசைப் பல்லை அப்படியே கழற்றினாள். முந்தானையில் துடைத்தாள். இன்ஸ்பெக்டரின் மேஜைமேல் வைத்தாள். கன்னம் ஒட்டி, வார்த்தை குழறிற்று. "பாருங்க. நல்லா பாருங்க. உள்ள என்னவோ கீறி வெச்சிருக்காரு, எந்நேரமும் நாக்குல தட்டிக்கினே இருக்குது. அது இன்னான்னும் கேளுங்க."

இன்ஸ்பெக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு பென்சிலால் அதைப் புரட்டினார். ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார். அண்ணத்தின் பின் ஓரத்தில் ஊசியால் கீறிய சின்னச் சின்ன எண்கள். நாள், மாதம், வருஷம். பல் கட்டுகிற அன்றைக்கே பல்லிலும் தேதி போடுவது அவர் மாமா கற்றுக்கொடுத்த பழக்கமாம். ஒரு நோயாளியைக் காட்டிக்கொடுக்காமல் அதைச் சொல்ல முடியாதென்று, என்னிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

பழைய காலண்டரைப் புரட்டி, அதே திங்கட்கிழமைதான் என்று பார்த்த இன்ஸ்பெக்டர் பல்லை ஒரு காகிதத்தில் எடுத்து அவளிடம் மரியாதையாகவே கொடுத்தார். மறுபடி மண்டிக்கு ஆள் அனுப்பினார். இந்தத் தடவை மண்டிக்காரருக்கு ஞாபகம் வந்துவிட்டது. மொட்டைக் கடுதாசிப் பேச்சு அதோடு முடிந்தது. முகாமுக்கு எந்த உத்தரவும் வரவில்லை. சனிக்கிழமைக் கையெழுத்து மட்டும் இன்றுவரை தொடர்கிறது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவர் கோவிந்தம்மாளின் புண்ணுக்கு மருந்து வைத்து, பல்லைக் கொஞ்சம் ராவிக் கொடுத்து அனுப்பினார். திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார். அதன்மேல் அந்தப் பாரம் இருந்தது.

"இன்னா முடிவு பண்ண?" என்று கேட்டார்.

"கோவிந்தம்மாளுக்குப் புண்ணு இன்னும் ஆறல. அடுத்த சனிக்கெழம வரச் சொல்லியிருக்கேன்" என்றேன்.

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். காட்டில் நடந்து வந்ததைச் சொல்லும்போதுகூட அழாத மனிதர். அப்போதுதான் நான் முழங்கால் போட்டேன். கப்பலேற்றும் என்று நான் கேட்டதை ஆண்டவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சவாலாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு நன்றி.

ஏட்டு சும்மா இருக்கவில்லை. சம்பந்தி வீட்டில் சிரித்தார்கள், பெண்ணிடம் குத்திப் பேசினார்கள். கோவிந்தம்மாள் அதையும் தாங்கினாள். இவ்வளவுக்கும் அவள் நம் சபையாள் அல்ல, அவள் கும்பிடுவது மாரியம்மனை. சபையார் படித்துப் பார்க்கட்டும் என்றே இதை எழுதுகிறேன். மூப்பர் போன மாதம் பல் உடைந்து வந்தார், முகத்தில் துண்டோடு. என் வீட்டுக்காரர் சரி செய்து கொடுத்தார். நான் காபி கொடுத்தேன். சர்க்கரையும் போட்டேன். ஆண்டவர் என்னிடத்தில் செய்த அற்புதத்தில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போவதா இருப்பதா என்று தவிக்கிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். பர்மாவிலும் சிலோனிலும் உங்கள் சொந்தங்கள் இருப்பார்கள். அழுகை வராவிட்டால் கோபத்தோடாவது அவரிடம் கேளுங்கள், கேட்பார். நான் வேண்டி முடித்துக் கால் மணிகூட ஆகவில்லை, பதில் என் வாசலில் வந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. நான் அதைப் போ, போ என்றுதான் விரட்டினேன். அவள் போகாமல் நின்றாளே, அதனால் இன்றைக்கு நாங்கள் விழுப்புரத்தில் இருக்கிறோம்.