அம்மனிடம் கோபத்தோடு போனேன்

செய்யாத தப்புக்காக என்னை மருத்துவமனையிலிருந்து துரத்தினார்கள். அங்கிருந்துதான் நான் ஆரம்பிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும் சகோதரிகளே, நீங்கள் என்னைப் பேசச் சொன்னபோது, அம்மன் செய்த அற்புதத்தை மட்டும் சொன்னால் போதும் என்றீர்கள். முடியாது. அவமானத்தை விட்டுவிட்டு அற்புதத்தை மட்டும் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்ததற்கு, முந்தின வருஷம். மழை தொடங்கிய நேரம். நான் நர்ஸ் பயிற்சியில் கடைசி வருஷ மாணவி. எந்த மருத்துவமனை என்று சொல்லமாட்டேன். அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள்.

அப்பா முனிசிபாலிட்டியில் தண்ணீர்க் குழாய் போடுகிறவர். காஜா பெராங்கில் பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் நர்ஸ் படிப்புக்குப் போனபோது செமாபோக்கில் இருந்த சித்தப்பா வீட்டுக்கே வந்து சண்டை போட்டார். கண்டவன் உடம்பைத் தொடுகிற வேலைக்குப் பெண்ணை அனுப்புகிறாயா, நாளைக்கு யார் கட்டுவான் என்று கேட்டார். அவர் சொன்னபடியே இரண்டு வரன்கள் வந்து திரும்பிப் போயின. மருத்துவமனைக்குள்ளே போனால் அங்கே வேறு விதமான பேச்சு. 'வார்டு' என்பதை உதட்டைக் குவித்துச் சொல்ல எனக்கு வரவில்லை என்று வகுப்பில் எழுப்பி நிறுத்தினார்கள். எல்லாரும் சிரிக்கும்வரை திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். முதல் வருஷம் முழுவதும் மலச்சட்டி கழுவினேன். அதில் எனக்கு வருத்தமில்லை. நோயாளிக்கு அது தேவை. ஆனால் கழுவிய சட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு என் முகத்துக்கு நேரே நீட்டி, உங்கள் வீட்டில் இப்படித்தான் கழுவுவீர்களா என்று கேட்டார்களே, அதை நான் இன்னும் மறக்கவில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு கடைசி வருஷத்துக்கு வந்திருந்தேன்.

அந்தப் புதன்கிழமை மதியம் பெண்கள் வார்டுக்கு மீனாச்சி பீபியைக் கொண்டுவந்தார்கள். வயிற்றில் கட்டி எடுத்திருந்தார்கள். எங்கள் பக்கத்துச் சிட்டி குடும்பத்து அம்மா அவர்; பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய் பேசப் பழகிவிட்ட தமிழ் வம்சம். சிட்டி வீட்டுப் பெரிய பெண்களை நாங்கள் பீபி என்றுதான் கூப்பிடுவோம். நம் கோவிலுக்கு வருவார், நம் அம்மனைத்தான் கும்பிடுவார். தமிழ் வராது, பேசுவது மலாய். மயக்க மருந்து முழுதாகத் தெளியாமல் கிடந்தார். உடம்பு உதறிக்கொண்டிருந்தது. கம்பளி எடுத்து வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் காதருகில் மலாயில் சொல்லிவிட்டுப் போனேன். துணி அறை பூட்டியிருந்தது. சாவி தேடிக் கம்பளியோடு திரும்பக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

வந்து போர்வையைத் தூக்கினேன். அவருடைய கெண்டைக்காலில் சுடுநீர்ப் பை ஒட்டிக்கொண்டு கிடந்தது. உறை இல்லை. மயக்கத்தில் இருப்பவர் உடம்பில் அந்த ரப்பர் பை படவே கூடாது. சுட்டாலும் அவரால் சொல்ல முடியாது. முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. நான் பையைப் பிடுங்கி எறிந்தேன். தோல் அதற்குள் கொப்பளித்திருந்தது.

வார்டில் அப்போது இருந்தது நானும் ஸ்டாஃப் நர்ஸ் கிளாராவும் மட்டும்தான். நான் வைக்கவில்லை. கிளாராவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் காலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மேசைக்குப் போய் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். சாயங்காலம் மேட்ரன் அறையில் அந்த ரிப்போர்ட் புத்தகத்தை என் முன் திருப்பி வைத்தார்கள். சுடுநீர்ப் பையை உறையில்லாமல் வைத்தது மாணவி பாக்கியம் என்று எழுதியிருந்தது.

மேட்ரன் வெள்ளைக்காரி. அவர் கத்தவில்லை. நான் துணி அறைக்குப் போயிருந்தேன் என்றேன். யார் பார்த்தது என்று கேட்டார். யாரும் இல்லை. எட்டு வருஷ அனுபவமுள்ள ஸ்டாஃப் நர்ஸ் பொய் எழுதுவாளா என்று கேட்டார். நோயாளியைக் கேளுங்கள் என்றேன். மயக்கத்தில் இருந்தவளுக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டார். இரண்டு வாரத்தில் குழு கூடி முடிவு செய்யும், அதுவரை விடுதியில் இருக்கக் கூடாது. அவ்வளவுதான். மூன்று வருஷம் பத்து நிமிஷத்தில் போய்விட்டது.

தகரப் பெட்டியோடு வீட்டு வாசலில் போய் நின்றேன். அப்பா குழாய் மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ வச்சியாம்மா?" என்றார்.

"இல்லப்பா."

"அப்ப சரி. உள்ள போயி சாப்பிடு."

அந்த ஒரு கேள்வியை மருத்துவமனையில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்கவில்லை.

ஆனால் தெரு கேட்டது. தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் அம்மாவைக் கேட்டார்கள். சித்தப்பா செய்தி தெரிந்த மறுநாளே வந்து, நான் அப்போதே சொல்லவில்லையா என்றார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. கிளாரா மேல், மேட்ரன் மேல், சித்தப்பா மேல். எல்லாரையும்விட அம்மன் மேல்.

வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போனேன். கும்பிடப் போகவில்லை. பூ வாங்கவில்லை, விளக்கும் ஏற்றவில்லை. சன்னதிக்கு முன்னால் நின்று மனசுக்குள் திட்டினேன். நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்? அவள் எழுதும்போது உன் கண் எங்கே போனது? உன் முன்னால் தீ மிதிக்கிறோம், பால்குடம் எடுக்கிறோம், எனக்காக ஒரு வாயைத் திறக்க வைக்க உன்னால் ஆகாதா? உண்மை தெரிந்தது இரண்டே பேருக்குத்தான். பொய் எழுதியவள் ஒருத்தி. கட்டிலில் கிடப்பவர் ஒருத்தர். அவரைப் பேச வை. வைக்காவிட்டால் இனி நான் இங்கே வரமாட்டேன். இதுதான் நான் செய்த பிரார்த்தனை. அழகாக மாற்றிச் சொல்லவில்லை.

மறுநாள் நான்கு மணிக்குச் சேலை கட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். நர்ஸாகத்தான் உள்ளே விடமாட்டார்கள். நோயாளியைப் பார்க்க வருகிறவர்களை அந்த நேரத்தில் யாரும் தடுக்க முடியாது. மீனாச்சி பீபி பேசுவாரா என்று பார்க்கத்தான் போனேன். தீக்காயம் சீழ் பிடித்துக் காய்ச்சல் ஏறியிருந்தது. கண் திறந்திருந்தும் யாரையும் தெரியவில்லை. அவருடைய கணவர் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். கட்டு நனைந்து படுக்கைவரை ஊறியிருந்தது. உதடு வெடித்திருந்தது. பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். தலையணையைத் திருப்பிப் போட்டேன். அதற்குள் கிளாரா வந்துவிட்டாள். நோயாளியைத் தொட உனக்கு உரிமை இல்லை என்று பத்துக் கட்டிலுக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொல்லி வெளியே அனுப்பினாள்.

படியில் இறங்கும்போது எனக்கு ஒன்று உறைத்தது. இந்த அம்மா செத்துப்போனால் எனக்குச் சாட்சி சொல்ல ஆளில்லை என்றுதான் என் நெஞ்சு முதலில் அடித்துக்கொண்டது. அவருக்காக அல்ல, எனக்காக. சட்டியை முகர்ந்து நீட்டியவர்களைத் திட்டுகிற நான், சாகக் கிடக்கிற ஒருத்தரை என் வழக்குக்கு ஆதாரமாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மூன்று வருஷப் படிப்பில் நான் கற்றது இதுதானா?

அங்கிருந்து நேராகக் கோவிலுக்கு நடந்தேன். கோபம் தணியவில்லை. அது அப்படியே இருந்தது. ஆனால் கேட்டது மாறிவிட்டது. தாயே, அவர் எனக்காகப் பேச வேண்டாம். என்னை நர்ஸாக்கவும் வேண்டாம். அவர் பிழைத்து வீட்டுக்குப் போகட்டும். அந்தக் காயத்தை யாராவது ஒழுங்காகக் கழுவட்டும். இதை மட்டும் செய். மற்றதற்கு உன்னோடு பிறகு சண்டை போட்டுக்கொள்கிறேன் என்றேன். அப்போதுதான் அழுதேன்.

கோவிலிலிருந்து மீனாச்சி பீபியின் வீட்டுக்குப் போனேன். அவருடைய கணவரிடம், கட்டு நனைந்தால் மாற்றச் சொல்லிக் கேட்கலாம், காலையில் டாக்டர் வரும்போது போர்வையைத் தூக்கிக் காலைக் காட்டுங்கள் என்று சொன்னேன். நான் முதலில் பார்க்கப் போனதிலிருந்து மூன்றாவது நாள் டாக்டர் பார்த்தார். பென்சிலின் ஊசி போட ஆரம்பித்தார்கள். நான் தினமும் நான்கு மணிக்குப் போனேன். தொடவில்லை. கால்மாட்டில் நின்று அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினேன். ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஆறாம் நாள் கஞ்சி குடித்தார். நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பதில்லை என்று அம்மனிடம் சொல்லிவிட்டு வந்தேனே.

எட்டாம் நாள் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன், காதால் கேட்டேன். அன்றைக்கும் கிளாரா என்னைப் போகச் சொன்னாள். நான் போகவில்லை. மேட்ரனைக் கூட்டிவர ஆள் அனுப்பினாள். மேட்ரன் வந்து நின்றதும், தன் பக்கத்துக்கு இன்னும் பலம் சேர்க்க நினைத்தாளோ என்னவோ, கிளாரா நோயாளி பக்கம் திரும்பி மலாயில் கேட்டாள். உன் காலைச் சுட்டவள் இவள், இவள் தினமும் வந்து நிற்பது உனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டாள்.

இத்தனை நாளாக யாரும் கேட்காத கேள்வி. அதை அவளே கேட்டாள்.

மீனாச்சி பீபி என்னைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"புக்கான் டியா," என்றார். இவளில்லை.

அவர் மெதுவாக, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். அன்றைக்கு அவருக்குக் காது கேட்டது. நாக்குதான் அசையவில்லை. இந்தச் சின்ன மிஸி (நர்ஸை அப்படித்தான் சொல்வார்கள்) கம்பளி எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்புறம் இந்த உயரமான மிஸி வந்து காலில் எதையோ வைத்தாள். நெருப்பாகச் சுட்டது. கத்தப் பார்த்தாராம், முடியவில்லை. சின்ன மிஸி வந்துதான் எடுத்தாள். சொல்லிவிட்டுக் கிளாராவை விரலால் காட்டினார்.

மேட்ரனுக்கு மலாய் தெரியும். அவர் முகம் சிவந்துபோனது. கிளாரா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மேட்ரன் கையைத் தூக்கித் தடுத்துவிட்டு, என் அறைக்கு வா என்று என்னைக் கூப்பிட்டார்.

அறையில் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. திங்கள்கிழமை ஏழு மணிக்குச் சீருடையில் வேலைக்கு வரலாம் என்றார். போகலாம் என்று தலையசைத்தார். நான் நகரவில்லை. ரிப்போர்ட் புத்தகத்தில் இன்னும் என் பெயர் இருக்கிறது என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் செய்யாததை நான் செய்ததாக எழுதியிருக்கிறது, அதை எடுக்காமல் நான் சீருடை போடமாட்டேன் என்றேன். இத்தனை ஆங்கிலம் அவரிடம் நான் அதற்கு முன் பேசியதில்லை. அந்தத் தைரியத்தை எனக்குக் கொடுத்தது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் புத்தகத்தை வரவழைத்தார். சிவப்பு மையால் அந்த வரியை அடித்தார். பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். நான் நன்றி சொல்லவில்லை. அது எனக்குச் சேர வேண்டியது.

மெர்டேக்கா வந்த வருஷமே பரீட்சையில் தேறி ஸ்டாஃப் நர்ஸ் ஆனேன். புது வேலையும் சுலபமாக இல்லை. ஒரு வார்டு முழுவதும் ஒருத்தி பார்க்க வேண்டும். தவறு நடந்தால் கீழே இருப்பவள் தலையில் கட்டிவிடுவது எவ்வளவு எளிது என்று எனக்கும் புரிந்தது. முதல் மாதமே அந்தச் சோதனை வந்தது. ஒரு நோயாளிக்குக் கொடுக்க வேண்டிய மருந்தைக் கொடுக்க மறந்தேன். நான்தான் மறந்தேன். புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருத்தி பயத்தில் வெளுத்துப்போய் நின்றாள், தன் மேல்தான் விழும் என்று நினைத்து. பேனாவை எடுத்து என் பெயரை எழுதினேன். டாக்டர் என்னை நன்றாகத் திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

கிளாராவை மன்னித்துவிட்டாயா என்று கேட்பீர்கள். அவளை வேறு வார்டுக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான் தண்டனை. பல வருஷம் அவளை எதிரே பார்த்தால் எனக்குக் கை இறுகும். இப்போது அவள் இல்லை. அவளுக்காக ஒருமுறை விளக்கேற்றினேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அம்மனுக்கு இது தெரியும். நான் அம்மனிடம் எதையும் மறைப்பதில்லை.

மீனாச்சி பீபி இன்னும் பல திருவிழாக்களுக்கு வந்தார். காலில் தழும்போடு, கொஞ்சம் சாய்ந்து நடப்பார். என்னைக் கண்டால் பேரப்பிள்ளைகளிடம் காட்டி ஏதோ சொல்லிச் சிரிப்பார். அவரை நடக்க வைத்ததற்காக, என்னைத் திரும்ப நிற்க வைத்ததற்காக, அதைவிட என் நெஞ்சில் இருந்த அசிங்கத்தை எனக்கே காட்டியதற்காக நான் அம்மனுக்குக் கடன்பட்டவள்.

சகோதரிகளே, மனசு சாந்தமான பிறகு கோவிலுக்கு வருகிறேன் என்று சில பேர் சொல்கிறீர்கள். காத்திருக்காதீர்கள். உங்களுக்கு அநியாயம் நடந்திருந்தால் அந்தக் கோபத்தோடேயே வாருங்கள். பூ இல்லாமல் வாருங்கள். அவள் முகத்தைப் பார்த்து நேராகக் கேளுங்கள். திட்ட வேண்டுமானால் திட்டுங்கள். அவள் தாய், தாங்குவாள். கேட்டுவிட்டு உடனே எழுந்து போய்விடாதீர்கள், கொஞ்ச நேரம் அங்கேயே நில்லுங்கள். அன்றைக்கு அந்தப் படியில் என்னிடம் கேட்டது போல, அவளும் உங்களிடம் ஒன்று கேட்பாள்.