அம்மாவின் ஐசேயா டப்ஸ்

என் அம்மா பெர்னடெட் கோலாஸ், பஃபலோ நகரத்தை ஒட்டிய சீக்டோவாகாவில் நகரசபையின் பனி தள்ளும் லாரியை ஓட்டினாள். எல்லோருக்கும் அவள் பெர்னி. ஜூன் மாதம் நுரையீரல் புற்றுநோயில் இறந்தாள். இறுதிச் சடங்கில் என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்தேன். குரல் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்ல நினைத்ததையும் அதற்குப் பிறகு நடந்ததையும் இப்போது சொல்கிறேன்.

அம்மாவுக்குப் பிடித்த நாள் ஆட்ட நாள் அல்ல. ஏப்ரல் கடைசியில் வரும் டிராஃப்ட். கல்லூரிகளில் அமெரிக்க ஃபுட்பால் ஆடி முடித்த பையன்களை அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும் மூன்று நாட்கள். "இந்த மூணு நாள்ல மட்டும் நம்ம டீம் தோக்கவே தோக்காது" என்பாள். தோற்றே பழகிய அணியைக் கட்டிக்கொண்டு அழும் பஃபலோக்காரர்களுக்கு அதன் அருமை தெரியும்.

எங்கள் தெருக்கோடியில் தன்னார்வத் தீயணைப்பு வீரர்களின் கூடம் இருக்கிறது. டிராஃப்டை எல்லோரும் அங்கேதான் பார்ப்போம். கோழி இறக்கை, பியரோகிக் கொழுக்கட்டை, பீர், பெரிய டிவி. சுவரில் பழைய தீயணைப்பு வண்டியின் பித்தளை மணி. முதல் நாள் மாலை ஒவ்வொருவரும் அந்த மணியைத் தொட்டு ஒரு பெயர் சொல்ல வேண்டும். அந்தப் பெயர்தான் "என் ஆள்". நம் அணி அந்த ஆளை எடுத்தால் மணி அடிக்கலாம். அவ்வளவுதான் பரிசு. கூடத்தில் எல்லோரும் ஒரு முறையாவது அடித்திருந்தார்கள். டிவிக்கு முதுகு காட்டித் தூங்கும் பாதிரியார்கூட. அம்மா மட்டும் அடித்ததில்லை.

காரணம் அவளுடைய மதிப்பீடு. அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் தொழில், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: அம்மா என்ற கருவியின் பிழை எப்போதும் ஒரே பக்கம், மேலே. நம் அணி எடுத்த எவனுக்கும் அவள் "பி"-க்குக் கீழே போட்டதில்லை. அவள் "ஏ" போட்ட ஒரு குவாட்டர்பேக், பந்தை எதிரணிக்கே எறிந்து பழகி, இப்போது ஈரி நகரில் பழைய கார் விற்கிறான். அம்மாவின் கடைசிக் கார் அவனிடம் வாங்கியதுதான்.

ஆட்களை எடைபோட அவளிடம் ஒரே ஒரு கோட்பாடு இருந்தது. "பின்பக்கம் பெருசா இருக்கணும். பனி லாரியில முன்னாடி தகடு எவ்வளவு பெருசா இருந்தா என்ன? பின்னாடி உப்பு மூட்டை இல்லேன்னா வண்டி வழுக்கும்."

இந்த ஏப்ரலில் மருத்துவர் அடுத்த வருடத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியிருந்தார். ஆக்சிஜன் உருளையைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்தோம். வாசலில் லூ ஷிமான்ஸ்கி நின்றார். பக்கத்து வீட்டுக்காரர், எனக்கு லூ மாமா, கூடத்தின் தலைவர், அம்மாவை வம்புக்கு இழுப்பதை முழுநேர வேலையாகச் செய்தவர்.

"என்ன பெர்னி, இந்த வருஷமும் எவன் வாழ்க்கையையோ கெடுக்க வந்துட்டியா?"

"யோவ் லூ, வழிய விடு. இந்தத் தடவை மணி என்னுது. அடிக்காம சாக மாட்டேன்."

"அப்ப உனக்குச் சாவே இல்லை போ."

அம்மா சிரித்து, இருமி, மணியைத் தொட்டாள். "ஐசேயா டப்ஸ்!"

யாருக்கும் தெரியவில்லை. டகோட்டாவில் ஏதோ சின்னக் கல்லூரி. மலை போன்ற தடுப்பாட்டக்காரன். அவன் ஆடிய படத்துண்டுகளைப் படுக்கையில் கிடந்தபடியே குளிர்காலம் முழுக்கப் பார்த்திருந்தாள். "ஜோனி, இந்தப் பின்பக்கத்தப் பாருடி. இது மனுஷன் இல்லை, கொட்டகை!" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாள்.

வியாழன் போனது. வெள்ளி போனது. டப்ஸை யாரும் எடுக்கவில்லை. அம்மாவுக்குச் சந்தோஷம். "யாருக்கும் கண்ணு தெரியல. நமக்கு மிச்சம் வச்சிருக்காங்க."

சனிக்கிழமை ஆறாவது சுற்று. எங்கள் அணியின் முறை. இறக்கையைக் கடித்த வாய்கள் அப்படியே நின்றன. டிவியில் அறிவிப்பாளர் சீட்டைப் பார்த்தார். "ஐசேயா டப்ஸ்..."

அதற்குப் பிறகு அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை. கூடமே எழுந்து கத்தியது. லூ மாமா மேசைமேல் ஏறிவிட்டார். பாதிரியார் விழித்து யாரையோ கட்டிப் பிடித்தார். அம்மா நாற்காலியிலிருந்து தானாக எழுந்தாள். பல வாரங்களாக அவள் அப்படி எழுந்ததில்லை. நான் உருளையை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து அடித்தாள். மறுபடி அடித்தாள். எனக்குக் காது அடைத்துப்போனது.

பிறகு டிவியில் படம் வந்தது.

ஒல்லியான ஒரு பையன். ஒட்டடைக் கம்பு மாதிரி. லூசியானாக்காரன். பந்தை வானத்துக்கு உதைத்துக்கொண்டிருந்தான். கீழே எழுத்து: ஐசேயா டப்ஸ், பன்ட்டர்.

அதே பெயரில் வேறொருவன். அதுவும் பன்ட்டர். மற்றவர்கள் எல்லாம் ஆடித் தோற்ற பிறகு வந்து, பந்தை எங்கேயாவது தொலைவுக்கு உதைத்துவிட்டுப் போகிறவன். டிராஃப்டில் பன்ட்டரை எடுப்பது, கறி வாங்கப் போனவன் கைதுடைக்கும் காகிதம் வாங்கி வந்த மாதிரி.

கூடம் முழுக்கக் கழுத்தை நீட்டி அந்த எழுத்தைப் படித்தது. பிறகு லூ மாமா மேசைமேல் நின்றபடியே சொன்னார்: "பெர்னி, உன் கொட்டகை இளைச்சுப் போச்சு."

சிரிப்பில் சுவர் அதிர்ந்தது. அம்மா கயிற்றை விடவில்லை. டிவியையே பார்த்தாள். அவள் முகம் வாடிப்போகும் என்று பயந்தேன்.

"காலு நல்லா நீளம்" என்றாள்.

"அடிப்பாவி" என்றார் லூ மாமா.

"நீ பாரு லூ. ஏரிக்காத்து நம்ம மைதானத்துல எப்படி அடிக்கும்? அதுல பெரிய ஆளு நின்னா காத்து அவனைப் புடிச்சுக்கும். இவனுக்குப் பின்பக்கமே இல்லை. காத்து எதைப் புடிக்கும்? யோசிச்சுத்தான்யா எடுத்திருக்காங்க! பி ப்ளஸ்."

"நாப்பது வருஷமா பின்பக்கம் பின்பக்கம்னு எங்க உயிரை எடுத்தியே பெர்னி!"

"அது தடுக்குறவனுக்கு. இது உதைக்கிறவனுக்கு. வேற வண்டி, வேற கணக்கு."

மேசையிலிருந்து இறங்கி வந்த லூ மாமாவின் குரல் தணிந்திருந்தது. "ஆனா பெர்னி, மணி செல்லாது. வேற ஆளு."

"தெரியும். செல்லாதுதான்" என்றாள் அம்மா. கயிற்றை விட்டாள். உட்கார நாற்காலியைத் தேடினாள்.

நான் கூடத்தில் பேசுகிறவள் அல்ல. அன்று கேட்டேன். "லூ மாமா, இங்க விதி என்ன?"

"மணியத் தொட்டு ஒரு பேரு சொல்லணும். அந்தப் பேரை எடுத்தா அடிக்கலாம்."

"அம்மா என்ன பேரு சொன்னாங்க?"

"ஐசேயா டப்ஸ்."

"டீம் என்ன பேரை எடுத்திச்சு?"

லூ மாமா தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினார். கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "பெர்னி, நீ பெத்தது இன்ஜினியரா வக்கீலா?"

"ஜோனி, இது கள்ள அளவுடி" என்றாள் அம்மா. கண் மட்டும் மின்னியது.

"கருவி சரியாத்தாம்மா இருக்கு. விதிதான் தொளதொளன்னு இருக்கு. காலேஜ் பேரும் சொல்லணும்னு யாரும் எழுதி வைக்கலையே."

பின்வரிசையிலிருந்து யாரோ "டப்ஸ்! டப்ஸ்!" என்று ஆரம்பித்தார்கள். மேசைகள் தட்டப்பட்டன. லூ மாமா தொப்பியைக் கழற்றித் தரையில் எறிந்தார். "அடிச்சுத் தொலை!"

"ஏற்கெனவே அடிச்சாச்சேம்மா" என்றேன்.

"அது தப்பா அடிச்சது. இதுதான் சரியானது." மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு மறுபடி கயிற்றைப் பிடித்தாள்.

கிளம்பும்போது ஒரு செய்தி வந்தது. டகோட்டா டப்ஸை எந்த அணியும் எடுக்கவில்லை. டிராஃப்ட் முடிந்தபின் மயாமி தொலைபேசியில் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டது. மயாமி எங்கள் பரம எதிரி.

"கேட்டியா பெர்னி? உன் கொட்டகை மயாமிக்குப் போயிடுச்சு!"

அம்மா காரில் ஏறிக்கொண்டே சொன்னாள்: "அவனா? காலு வேகம் பத்தாது. எனக்கு முதல்லயே ஒரு சந்தேகம் இருந்துச்சு."

மே மாதம் முழுக்க எங்கள் வீட்டில் உதைக்கும் சத்தம்தான். லூசியானா டப்ஸின் படத்துண்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டாள். ஜூனில் நர்சுக்கும் அவனைப் பற்றி வகுப்பெடுத்தாள்.

போன சனிக்கிழமை பயிற்சி ஆட்டம். மைதானத்தில் அம்மா வருடாவருடம் வாங்கி வைத்திருந்த இருக்கையில் நான். ஆகஸ்ட் வெயிலில் அவளுடைய நீலக் கம்பளிக் குல்லாய் என் தலையில். பக்கத்தில் லூ மாமா. எங்கள் அணி வழக்கம்போல மூன்று முயற்சியிலும் நகரவில்லை. பன்ட்டர் ஓடி வந்தான். டிவியில் பார்த்ததைவிட ஒல்லி. நான் எழுந்துவிட்டேன். தொண்டை கிழியக் கத்தினேன். "டப்ஸ்!"

உதைத்தான். பந்து நேராக மேலே போனது, தயங்கியது, பக்கவாட்டில் சரிந்து எங்கள் அணியின் பயிற்சியாளர் காலடியிலேயே விழுந்தது.

மைதானம் முழுக்க ஊளை. லூ மாமா மெதுவாக என் பக்கம் திரும்பினார். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், சிரிப்பாலா என்று கேட்கவில்லை.

"என்ன இன்ஜினியர்? பி ப்ளஸ்ஸா?"

"காத்து திரும்பிடுச்சு மாமா" என்றேன். "நீங்க பாத்தீங்கதானே? உதை சுத்தம். ஏ மைனஸ்."