சாமிதுரையின் இடது கை

ஆண்டிமடத்துக்குத் தெற்கே ஒரு கொல்லையில் கிணறு வெட்டும்போது மண் சரிந்து சாமிதுரை இறந்தான். அது 1979, ஆவணி மாதம். அவனுடைய போட்டோ ஒன்றுகூட வீட்டில் இல்லை. கோயிலில் மாலை மாற்றி நடந்த கல்யாணத்தில் போட்டோ எடுக்க யாருக்குத் தோன்றியது?

மனைவி கொளஞ்சியம்மாள் ஜெயங்கொண்டத்தில் ஓர் அச்சகத்துக்கு பைண்டிங் வேலைக்குப் போனாள். கல்யாணப் பத்திரிகையின் தலையில் இருக்கும் பிள்ளையார் உண்மையில் ஒரு சின்ன மரக்கட்டை என்பது அங்கேதான் அவளுக்குத் தெரிந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவளிடம், அச்சுக் கோர்க்கும் உத்திராபதி சொன்னார்:

"மேடா இருக்கறதுலதாம்மா மை ஒட்டும். வெட்டி எடுத்த எடம் வெள்ளையா வுழும். அவ்வளவுதான்."

தச்சுப் பட்டறையில் கழித்துப்போட்ட மாம்பலகைத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். உடைந்த குடையின் கம்பியைக் கல்லில் தேய்த்துக் கூராக்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து செதுக்கினாள்.

சாமிதுரையின் முகம் வரவில்லை. கரியால் எத்தனை முறை வரைந்தாலும் வேறு யாரோதான் வந்தார்கள். ஆனால் அவன் வேலைக்குப் போகும்போது பின்னாலிருந்து பார்த்தது அப்படியே நினைவில் இருந்தது. இடது தோளில் மண்வெட்டி, அதை இடது கையால் பிடித்தபடி ஒரு பக்கம் சாய்ந்த நடை. அதைச் செதுக்கினாள். அச்சகத்தில் மிஞ்சிய மையைத் தடவி, காகிதத்தை மேலே வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்து உரித்தாள்.

சாமிதுரை நடந்து போய்க்கொண்டிருந்தான். ஆனால் மண்வெட்டி வலது தோளில் இருந்தது.

மாமியார் ஆண்டாயி வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"சின்னதுல அவன் எடது கையத் துணியால கட்டிப்போட்டேன்டி. அடிச்சேன். கடைசிவரைக்கும் அவன் மாறல. நீ இதுல மாத்திட்டியே" என்றாள்.

"நான் மாத்தல அத்த. அச்சுல எல்லாமே எடம் மாறித்தான் வுழுது."

"அப்ப இது அவன் இல்ல."

கொளஞ்சியம்மாள் மறுபடி தச்சுப் பட்டறைக்குப் போனாள். இன்னொரு பலகை வாங்கி, எல்லாவற்றையும் இடம் வலமாக மாற்றிச் செதுக்கினாள். ஐப்பசி மழை முழுக்க அதிலேயே போனது. இரண்டாவது காகிதத்தை ஆண்டாயி கையில் வாங்கி, மை காயாத அந்த இடது கையை விரலால் தொட்டாள். விரலில் ஒட்டிய கறுப்பை அவள் அன்று முழுவதும் கழுவவில்லை.

அச்சக முதலாளி கிருஷ்ணமூர்த்தி விஷயம் கேள்விப்பட்டு, சாவு நோட்டீசுக்கு ஒரு விளக்குப் படம் வெட்டித் தரச் சொன்னார்.

"வேணாங்க. இங்க செய்யறது வேலை. அது எனக்குன்னு செய்யறதுங்க."

அவர் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு முந்திரிக் கிளை, படுத்திருக்கும் ஆடு, ஆண்டாயியின் வெடித்த பாதம் என்று மனதில் பட்டதையெல்லாம் செதுக்கினாள். யாருக்கும் விற்கவில்லை. கிணற்றை மட்டும் வெகுகாலம் தொடவில்லை.

1985 கோடையில் அதையும் செதுக்கினாள். கம்பி பட்ட இடம் மிகக் கொஞ்சம். காகிதத்தில் எல்லாம் கறுப்பு. மேலே ஓரிடத்தில் மட்டும், கிணற்றுக்குள் இருப்பவன் அண்ணாந்து பார்த்தால் தெரிகிற வானம், வட்டமாக வெள்ளையாய் விழுந்திருந்தது.