வெட்டிய கரையில் முளைத்த வெட்டிவேர்

செடி நட்டு இரண்டு வாரம் கழித்துப் போனபோது ஓடைக்கரை மொட்டையாகக் கிடந்தது. மலேசியாவின் சுங்கை வே பகுதியில், தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஓடும் ஓடை அது. மழை பெய்தால் கரை கரைந்து தண்ணீர் தே தாரேக் பால்டீ நிறத்தில் ஓடும். மண்ணைப் பிடித்து நிறுத்தத்தான் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளோடு வெட்டிவேரும் நாவல் கன்றும் நட்டோம். பிள்ளைகள் ஆளுக்கொரு கன்றுக்குப் பெயர்கூட வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் புல்வெட்டும் மெஷின் வழித்துப் போட்டிருந்தது.

ஆற்றுச் சீரமைப்புத் திட்டத்தில் கல்விப் பிரிவு என் பொறுப்பு. பள்ளிகளைச் சேர்ப்பதுதான் முக்கிய வேலை. அன்று மதியமே அந்தத் தமிழ்ப்பள்ளியிலிருந்து கமலா டீச்சர் போன் செய்தார்.

“ஸ்டெல்லா, பிள்ளைங்க அழுவுதுங்க. இனிமே வேணாம்லா. ஹெட்மாஸ்டரும் வேணாங்கிறார்.”

கோபத்தோடு புல்வெட்டும் கான்ட்ராக்டர் செல்வத்தைத் தேடிப் போனேன். லோரி நிழலில், வங்காளதேசத் தொழிலாளர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“போர்டு வச்சிருந்தோமே, பாக்கலையா?”

“போர்டு ரோட்டைப் பாத்து நிக்குது அக்கா. நாங்க தண்ணிப் பக்கத்துலேர்ந்து வெட்டிட்டு வரோம். கரை சுத்தமா இல்லன்னா என்னைத்தான் ஏசுவாங்க. நட்டிருக்கோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தொட்டிருப்போமா?”

பள்ளிகள், குடியிருப்பாளர் சங்கங்கள், தொழிற்சாலை மேனேஜர்கள் என்று எல்லோரிடமும் பேசியிருந்தோம். மாதாமாதம் அந்தக் கரையில் இறங்கி வேலை செய்பவர்களிடம் மட்டும் பேசவில்லை.

“சனிக்கிழமை வரீங்களா? பிள்ளைங்க கேப்பாங்க, நீங்க பதில் சொல்லணும்.”

“ஐயோ, வெயில்ல புல்லு வெட்டறதே மேல்” என்றார். ஆனால் வந்தார், ஆட்களோடு. நான் கெஞ்சிக் கேட்டதில், கடைசித் தடவை என்று சொல்லிக் கமலா டீச்சரும் பிள்ளைகளைக் கூட்டி வந்தார்.

“ஏன் அங்கிள் வெட்டுனீங்க?” என்று ஒரு சிறுமி நேராகவே கேட்டாள்.

செல்வம் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். “தெரியாம வெட்டிட்டோம்மா. எது உங்க செடின்னு காட்டு, இனிமே தொட மாட்டோம்.”

அவள் காய்ந்த புல்லை விலக்கித் தேடினாள். “டீச்சர், முளைச்சிருக்கு!”

வெட்டிவேர் அடித்தூரில் பச்சையாகக் குருத்து விட்டிருந்தது. பிள்ளைகள் கரை முழுக்கச் சிதறி ஓடினார்கள். நாவல் கன்றுகள் பெரும்பாலும் போய்விட்டன. வெட்டிவேர் பிழைத்துக்கொண்டது. ரஃபீக் என்ற தொழிலாளி லோரியிலிருந்து சிவப்புக் கயிற்றை எடுத்து வந்தார். ஒவ்வொரு தூரின் பக்கத்திலும் குச்சி நட்டுக் கயிற்றைக் கட்டிக்கொண்டே, “மேரா, ஜாங்ஙான் போத்தோங்” என்று மலாயில் சொன்னார். சிவப்பு இருந்தால் வெட்டாதே. பிள்ளைகள் அதைப் பாட்டாகவே ஆக்கிக் கத்தினார்கள். டீச்சர் சிரித்துவிட்டார்.

அடுத்த மாதம் புல் வெட்டிய பிறகு போய்ப் பார்த்தேன். சுற்றிலும் ஒட்ட வெட்டிய தரையில் வெட்டிவேர் கொத்துக் கொத்தாக நின்றது. மழைக்காலத்தில் அந்தப் பக்கக் கரை சரியவில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மெஷின் பிடிப்பவர்களோடு முதல் வகுப்பை வையுங்கள், பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் போகலாம்.

செல்வம் ஒருநாள் அவராகவே போன் செய்தார். “அக்கா, அம்பாங்ல ஒரு ஓடையும் நம்ம கான்ட்ராக்ட்தான். அங்கயும் கரை அரிக்குது. பிள்ளைங்கள எப்பக் கூட்டிட்டு வரீங்க?”