பார்க்க வந்தவர்கள்

எட்டாம் வகுப்பைத் தாண்டாமலேயே மாத்தளையில் மூன்று மிளகுக் கடை போட்டவன் நான். என்னைத் தெரியாத ஆள் இங்கே இல்லை. அதனால்தான், சாப்பாட்டையும் பேச்சையும் விட்டுவிட்ட என் பதினைந்து வயது மகளைக் கண்டியிலுள்ள மனநல கிளினிக்குக்கு ரகசியமாகக் கூட்டிப்போனேன். ஊருக்குத் தெரிந்தால் நாளைக்கு யார் மாப்பிள்ளை பேச வருவார்?

அங்கே காத்திருந்தபோது, எனக்குப் பழக்கமான பல்லேபொல ஊர்க் கிராம்பு வியாபாரி ஒருவர் தன் மகளோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"என்ன ஹாஜியார், இங்க?" என்று என்னைக் கேட்டார்.

"தெரிஞ்ச ஒருத்தரப் பார்க்க வந்தோம்" என்றேன்.

"நான் இவளுக்கு மருந்தெடுக்க வந்தேங்க. இப்பதான் நல்லா தூங்குறா."

எங்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள். மகள் எழும்பவில்லை.

"நாங்க பார்க்கத்தானே வந்தோம், வாப்பா."

பல வாரங்களுக்குப் பிறகு அவள் என்னோடு பேசியது அது மட்டும்தான். அதன்பின் எவ்வளவு கெஞ்சியும் கிளினிக்குக்கு வர மறுக்கிறாள். மூன்று கடையைத் திறந்தவன், அவள் அறைக்கதவுக்கு வெளியே நிற்கிறேன்.