கயிற்றில் தொங்கிய சோப்பு

ஆரியசாலைக் கடையில் சிவப்பு சோப்பு வாசனை வந்ததும் என் கணுக்கால் குறுகுறுத்தது.

தொண்ணூறுகளில், எட்டு வயதில், கரமனைத் தெருவில் என்னை நாய் கடித்தது. பெரியப்பா வெற்றிலைப் பெட்டியோடு ஓடிவந்தார். "சுண்ணாம்பை அப்பு, விஷம் இறங்கிடும்!"

சுகாதார அலுவலகத்தில் நோட்டீஸ் டைப் அடிக்கும் அம்மா அவரிடம் எதிர்த்துப் பேசியதே இல்லை. அன்று அவர் கையைத் தள்ளிவிட்டாள். "வேண்டாம் அண்ணா! புண் வழியாத்தான் வைரஸ் உள்ள போகும். கழுவணும்."

கால்மணி நேரம் குழாயடியில் சோப்பு போட்டுக் கழுவினாள். நான் அலறியது தெருவுக்கே கேட்டது.

பிறகு ஊசி போட்ட டாக்டர் மலையாளத்தில், "ஆரா கழுகியது? மிடுக்கி!" என்று, கழுவியவள் கெட்டிக்காரி என மெச்சினார். அம்மா நிமிர்ந்து பெரியப்பாவைப் பார்த்தாள்.

மறுநாள் குழாயடியில் சிவப்பு சோப்பு ஒன்று கயிற்றில் தொங்கியது. கட்டியவர் பெரியப்பா!

இப்போது எங்கள் தெருவிலும் நாய்கள் உண்டு. சோப்போடு கயிறும் வாங்கினேன்.